கூப்பிட்டாக் கேக்கற தூரம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்ணா, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். கோயமுத்தூர் வரைக்குமா? நானும் காந்திபுரம்தான். அப்பச் சரி, உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கோணும். நீங்க என்னை முன்னப்பின்னப் பாத்ததில்லை, என்ற மச்சானையும் தெரியாது. அந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டா ஆளுக்கொரு பக்கம் சாஞ்சுக்கறாங்க.

என்ற பேரு சென்னியப்பன். கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கறனுங்க. இப்பக் கோபி பக்கம் மச்சான் ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன். என்ற சம்சாரம் கலாமணி தை மாசத்துல இருந்து அண்ணன் ஊட்டுலதான் இருக்கறா. இன்னைக்குக் கூட்டிட்டு வரத்தான் போனேன். பாருங்க, பக்கத்துச் சீட்டுல நீங்கதான் இருக்கறீங்க.

சண்டை ஒண்ணுமில்லீங்க. குடிச்சனா, கை நீட்டினனா, ஒண்ணுங் கெடையாது. காட்டைச் சுத்திக் காட்டலாம்னு கூட்டிட்டுப் போனேன். அதான் நான் பண்ணின குத்தம்.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். எனக்குச் சக்கரை வந்துச்சுங்க. டாக்டர் நடங்கன்னாரு. நடக்கறதுக்கு எனக்குப் பொறுமை பத்தாது. ஒரு நல்ல சைக்கிளா வாங்கினேன். எங்க பக்கம் காலையில ஓட்டற குழு ஒண்ணு இருக்குது, அதுல சேந்தேன். அவினாசி ரோட்டுல ஓட்டிட்டு இருந்தோம். ஒரு நாள் லாரிக்காரன் ஒருத்தன் ஹேண்டில்பாரை ஒரசிட்டுப் போனான். உசிரு போயித் திரும்பி வந்துச்சு. அப்பத்தான் ஒருத்தரு ஊஞ்சப்பள்ளம் தடத்தைப் பத்திச் சொன்னாரு.

நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. சத்தியமங்கலத்துக்கு மேல, காட்டுக்குள்ள. முன்னொரு காலத்துல மரம் இழுக்கறதுக்குப் போட்ட தடமாம். அதுல சரளைக்கல்லைக் கொட்டி, ரோலர் உட்டு அமுக்கி, சைக்கிளுக்குன்னே உட்டுட்டாங்க. மோட்டார் வண்டி எதுவும் உள்ள போகக்கூடாது. காரு, பைக்கு, டிராக்டரு எதுவுமே. மேல ஒரு கேட்டு, கீழ ஒரு கேட்டு, நடுவுல காடு. ஹாரன் சத்தம் இல்லை, புகை இல்லை. டயருக்கடியில சரளை நொறுநொறுங்கறது மட்டுந்தான். முதநாளு ஓட்டிட்டு வந்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க, பொய் சொல்லலை.

அங்க ரெண்டு சட்டம் வெச்சிருக்கறாங்க. ஜோடி ஜோடியாத்தான் உடுவாங்க. மெதுவா ஓட்டறவங்க முன்னாடி போகோணும், வேகமா ஓட்டறவங்க பின்னாடி வரோணும். இது ஒண்ணு. ரெண்டு பேரும் கூப்பிட்டாக் கேக்கற தூரத்துக்கு மேல பிரியக் கூடாது. இது ரெண்டாவது. மேல் கேட்டுல சித்தராசுன்னு ஒரு வாட்சரு இருக்கறான். வர்ற ஒவ்வொரு ஜோடிக்கும் மந்திரம் ஓதற மாதிரி இதையே ஓதுவான். 'பின்னால வர்றவங்க காணாமப் போனா முன்னால போறவங்களுக்குத் தெரியாதுங்க, அதுக்குத்தான்'னு சொல்லுவான். எத்தனை தடவை கேக்கறது. நான் அவனைப் பாத்ததுமே சரி சரின்னுருவேன்.

இன்னொண்ணும் இருந்துச்சு. கடைசி ஜோடிக்குப் பின்னாடி டிபார்ட்மெண்ட் ஜீப்பு ஒண்ணு உருட்டிட்டே வரும். டீசல் நாத்தம் கொடலைப் பொரட்டும். வண்டி வராத தடம்னு போர்டு வெச்சுட்டு, பொறத்தாலயே வண்டியை ஓட்டிட்டு வந்தா என்னங்க அர்த்தம்? நாங்கெல்லாம் பச்சைக் கொழந்தைங்களா? நான்தான் குழு சார்பா ரேஞ்சரைப் போயிப் பாத்துப் பேசினேன். அவரும் யோசிச்சுப் பாத்துட்டுச் சரின்னுட்டாரு. அதுல இருந்து ஜீப்பு மேல் கேட்டுலயே நின்னுக்கும். குழுவுல அத்தனை பேரும் எனக்குக் கை குடுத்தாங்க. காட்டுக்குக் காடாவே இருக்கற மரியாதையை வாங்கிக் குடுத்தது நான்தானுங்க.

பொங்கல் லீவுல எல்லாரும் சம்சாரத்தோட ஓட்டறதுன்னு முடிவாச்சு. கலாமணிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், சின்னதுல பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்லதான் போயிருக்கறா. கண்ணாலத்துக்கு அப்புறம் தொடலை. 'நான் வரலீங்க, எனக்குப் பயமா இருக்குது'ன்னா. அத்தனை பேரும் ஜோடியா வர்றப்ப நான் மட்டும் ஒத்தையாப் போயி நின்னா நல்லாவா இருக்கும்? புதுச் சுடிதாரு எடுத்துக் குடுத்தேன். ஹெல்மெட்டு வாங்கிக் குடுத்தேன். அவளுக்குன்னு ஒரு சைக்கிளை வாடகைக்குப் புடிச்சேன். நம்ம பக்கம் எத்தனை பேரு இதையெல்லாம் பண்ணுவாங்க, சொல்லுங்க.

அன்னைக்கு நாங்கதான் கடைசி ஜோடி. ஏன்னா அம்மிணிக்கு ஹெல்மெட்டு வாரு மாட்டத் தெரியலை. அப்புறம் கேட்டோரம் ஒரு சாமிக்கல்லு இருக்குது, அதுக்கு முன்னால நின்னு கண்ணை மூடிக் கும்பிட்டா, கும்பிட்டா, கும்பிட்டுட்டே இருந்தா. அதுக்குள்ள மத்த ஜோடிகெல்லாம் போயே போயிட்டாங்க. எனக்கு எப்படி இருக்கும்? சித்தராசு வேற மந்திரத்தை ஆரம்பிச்சுட்டான்.

சட்டப்படி அவளைத்தான் முன்னாடி உட்டனுங்க. இதை நல்லா மனசுல வெச்சுக்குங்க. மச்சான் என்னமோ நான் எடுத்த எடுப்புலயே உட்டுட்டு ஓடின மாதிரி பேசறாரு. முன்னாடி உட்டு, பின்னாடி நான் வந்தேன். அவ போறா, எருமை தண்ணிக்குப் போற மாதிரி. பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சு என்ற கை மரத்துப் போச்சு. சைக்கிள் ஓட்டறவங்களைக் கேட்டுப் பாருங்க, சரளையில மெதுவாப் போறதுதான் ஆபத்து. வேகம் இருந்தாத்தான் சக்கரம் நேரா நிக்கும். மெதுவாப் போனாச் சறுக்கி உட்டுரும்.

ஒரு எறக்கம் வந்துச்சு. 'நீ பைய வா, நான் முன்னாடி போயித் தடம் எப்படி இருக்குதுன்னு பாத்துக்கறேன்'னேன். அவ, 'என்னைத் தனியா உட்டுட்டுப் போகாதீங்க'ன்னா. 'நான் எங்க போறேன், கூப்பிட்டாக் கேக்கற தூரத்துலதான் இருப்பேன்'னு சொல்லிட்டுத் தாண்டினேன். அவளுக்காகத்தான் முன்னாடி போனேன். குழி கிழி இருந்தாச் சொல்லோணுமில்ல.

ரெண்டு வளைவு தாண்டினதும் நடுத்தடத்துல ஆனைச் சாணி கெடந்துச்சு. ஆவி பறந்துட்டு இருந்துச்சுங்க.

நின்னு சொல்லியிருக்கலாமேங்கறீங்க. மச்சானும் அதையேதான் கேட்டாரு. சொன்னா என்ன ஆகும்? அவ அங்கயே சைக்கிளைப் போட்டுட்டு உக்காந்துக்குவா. முன்னாலயும் வர மாட்டா, பின்னாலயும் போக மாட்டா. தெரியாம இருந்தா அவபாட்டுக்கு வந்துருவா. அவ பயப்படக் கூடாதுன்னுதான் சொல்லலை. நீங்களா இருந்தாச் சொல்லியிருப்பீங்களா? சரி, அவங்கவங்க குணம்.

இன்னும் கொஞ்சம் போயிருப்பேன். ஒரு வாடை அடிச்சுது, மாட்டுக் கொட்டாய் வாடை மாதிரி, ஆனா அதை உடக் காரமா. எடதுபக்கம் உண்ணிப் புதருக்குள்ள சாம்பக் கலர்ல என்னமோ அசைஞ்சுது. பாறைன்னு நெனச்சேன். பாறைக்கு எங்கிருந்து காது வரும்? அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, சின்னது. குட்டி. சத்தமே இல்லாம உருண்டு அந்த எடத்தைத் தாண்டிட்டேன். தாண்டினதும் பின்னால சடசடன்னு கிளை முறியற சத்தம். ஆனை தடத்துக்கு வந்துருச்சு. எனக்கும் கலாமணிக்கும் நடுவுல.

அந்த நேரத்துல ஒரு மனுசன் என்ன பண்ணுவான்? திரும்பிப் போக முடியுமா? குறுக்க ஆனை நிக்குது, குட்டியோட. அதுகிட்டப் போயி, கொஞ்சம் நகரும்மா, என்ற சம்சாரம் அந்தப் பக்கம் இருக்கறான்னு கேக்கறதா? கீழ் கேட்டுக்குப் போயி ஆளுகளைக் கூட்டிட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம். மிதிச்சேன்.

அப்பத்தான் கூப்பிட்டா. 'ஏனுங்க'ன்னா.

அண்ணா, இந்த 'ஏனுங்க' இருக்குதே, ஊட்டுல ஒரு நாளைக்கு நூறு தடவை கேக்கறேன். கேஸு தீந்தா ஏனுங்க, பல்லி உழுந்தா ஏனுங்க. அதுல எது அவசரம், எது சும்மான்னு எனக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் 'ஏனுங்க'ன்னா. நடுங்கின மாதிரிதான் இருந்துச்சு, இல்லைங்கலை.

அதுக்கப்புறம் 'சென்னியப்பா'ன்னு ஒரு கத்தல். அப்படியே மொட்டையா. காடே அதிர்ந்துச்சு. மரத்து மேல இருந்த கொரங்குகெல்லாம் எகிறிக் குதிச்சுது.

நம்ம பக்கம் பொம்பளைங்க புருசன் பேரைச் சொல்வாங்களா, நீங்களே சொல்லுங்க. ரேசன் கடையில புருசன் பேரு என்னன்னு கேட்டாக்கூடக் கலாமணி கார்டைத்தான் நீட்டுவா, வாயில வராது. கண்ணாலமாகி இத்தனை வருசத்துல ஒரு தடவை சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவ பேரைச் சொல்லுவான்னு நான் எப்படி நெனைப்பேன்? வேற யாரையோ யாரோ கூப்பிடறாங்கன்னு நெனச்சேன்.

என்னங்ணா? அங்க வேற யாரு இருந்தாங்களா? யாருமில்லை. நாங்க ரெண்டு பேருதான். அதான் சொன்னனே, வேற வண்டியே வராத தடம்னு. சரி, அதை உடுங்க.

கீழ் கேட்டுக்குப் போயிச் சேந்தனுங்க. எப்படிப் போனேன்னு எனக்கே தெரியாது. நடுவுல ரெண்டு ஜோடியைத் தாண்டியிருக்கறேன். குழுவுல முன்னாடியே வந்து சேந்தவங்கெல்லாம் நின்னு கை தட்டறாங்க. 'சென்னியண்ணா, இந்த எறக்கத்துல இந்த வேகத்துல இன்னிவரைக்கும் யாரும் வந்ததில்லை'ங்கறாங்க. மூச்சு வாங்குது எனக்கு. கீழ ஒரு வாட்சரம்மா இருக்குது. அந்தம்மா மட்டும் கை தட்டலை. 'கூட வந்தவங்க எங்க?'ன்னு கேட்டுச்சு.

'வந்துட்டு இருக்கறா'ன்னு சொன்னேன்.

இருங்க, இருங்க. மூஞ்சியைத் திருப்பிக்காதீங்க. முழுசாக் கேளுங்க. நான் வாயைத் தொறந்து ஆனைன்னு சொன்னா என்ன ஆகும்? வரிசை மாறினது தெரிஞ்சுரும். குழுவையே இனி உள்ள உட மாட்டாங்க. தடத்தையே மூடினாலும் மூடிருவாங்க. அத்தனை பேரு ஆசையா வர்ற எடம். அவளும் சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவதான, ஆனை வெலகினதும் ஓரமாப் பூந்து வந்துருவான்னு ஒரு நம்பிக்கை. நம்பிக்கை இருக்கறது தப்பா? டீ குடுத்தாங்க, குடிச்சேன். வேண்டாம்னு சொன்னாச் சந்தேகம் வருமில்ல.

டம்ளரு பாதி காலியாகறதுக்குள்ள மேல இருந்து ஒரு பிளிறல் கேட்டுச்சு. சிரிச்சுப் பேசிட்டு இருந்தவங்க அத்தனை பேரும் மேல திரும்பிப் பாத்தாங்க. அந்த வாட்சரம்மா நேரா என்ற முன்னால வந்து நின்னுச்சு. ஒண்ணுங் கேக்கலை, சும்மா பாத்துச்சு. 'ஆனைக்கு அந்தப் பக்கம் இருக்கறா'ன்னேன். என்ற கையில இருந்த டம்ளரை அந்தம்மாவே வாங்கிக் கீழ வெச்சுட்டு, வயர்லெஸ்ல மேல் கேட்டைக் கூப்பிட்டுச்சு.

ஜீப்பு மேல இருந்து வரோணும். எவ்வளவு நேரம்ங்கறீங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. என்ன டிபார்ட்மெண்டு நடத்தறாங்க, ஒரு ஆபத்துக்கு வண்டி பக்கத்துல இருக்க வேண்டாமா? அங்கயே சத்தம் போட்டேன்.

நாங்க கீழ இருந்து நடந்து ஏறினோம். வாட்சரம்மா, நான், குழுவுல ரெண்டு பேரு. யாரும் என்ற பக்கத்துல நடக்கலை. முதல்ல ஹெல்மெட்டைப் பாத்தோம், தடத்துல கெடந்துச்சு. அந்த வாரு அறுந்திருந்துச்சு. அப்புறம் சைக்கிளு. ரெண்டு சக்கரமும் அப்பளம் மாதிரி நொறுங்கி, மூங்கப் புதருக்குள்ள தொங்குது. ஆனை இல்லை. அவளும் இல்லை.

'கலாமணி'ன்னு கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு சத்தமும் இல்லீங்க. அவ இல்லாம நான் எப்படி ஊட்டுக்குள்ள காலை வெப்பேன், காலையில எந்திரிச்சா யாரு மூஞ்சியைப் பாப்பேன்னு அப்பத்தான் பொக்குனு ஆயிருச்சு. சரளை மேலயே உக்காந்துட்டேன். கூப்பிட்டுப் பதில் வரலைன்னா எப்படி இருக்கும்னு அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். அதை ஒருத்தரும் கணக்குல எடுத்துக்க மாட்டேங்கறாங்க.

அந்நேரம் மேல இருந்து ஜீப்பு வந்து நின்னுச்சு. சித்தராசு எறங்கி, 'அக்கா, அக்கா'ன்னு கூப்பிட்டான். அப்ப எங்க காலுக்கடியில இருந்து குரல் வருது. 'ஆனை போயிருச்சுங்களா?'ன்னு.

மழைத்தண்ணி போறதுக்குத் தடத்துக்கடியில சிமெண்டுக் கொழாயி பதிச்சிருக்கறாங்க. அதுக்குள்ள பூந்து படுத்திருந்திருக்கறா. முழங்கையெல்லாம் ரத்தம், சேறு, சுடிதாரு கிழிஞ்சு தொங்குது. குட்டி ஆனை தும்பிக்கையை உள்ள உட்டு அவ காலைத் தடவிப் பாத்துச்சாம். தாய் தலைக்கு மேல தடத்துலயே நின்னுச்சாம். அது காலை மாத்தி மாத்தி வெக்கறப்ப மேல சரளை நெரிபடற சத்தம், எப்ப ஒடையுமோன்னு மூச்சைப் புடிச்சிட்டுக் கெடந்தாளாம். இதையெல்லாம் எங்கிட்டச் சொல்லலை. வாட்சரம்மாகிட்டச் சொன்னா, நான் பக்கத்துல நின்னு கேட்டேன். நான் கையை நீட்டினேன், அந்தம்மா கையைப் புடிச்சு எந்திரிச்சா. அதிர்ச்சியில ஆளு தெரியலை போலன்னு நெனச்சேன்.

ஊட்டுக்கு வந்து குளிச்சா. மருந்து போட்டா. எனக்குச் சோறும் போட்டா. போட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. 'நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?'

'இல்லவே இல்லை கலா, காத்து அப்படி அடிச்சுது, ஒண்ணுமே காதுல உழுகலை'ன்னேன். இது பொய்யில்லீங்க. என்னைத்தான் கூப்பிடறாங்கன்னு தெரியாதப்ப, கேக்கலைன்னுதான அர்த்தம்? அவ ரொம்ப நேரம் என்ற மூஞ்சியையே பாத்தா. அப்புறம், காயம் ஆறற வரைக்கும் அண்ணன் ஊட்டுல இருந்துட்டு வர்றேன்னு போனா. காயம் ஆறியாச்சு. ஆளு வரலை.

மச்சான் ஈஸ்வரமூர்த்தி கெட்டவரு இல்லை. துருவித் துருவிக் கேட்டாரு, நானும் சாமி மேல சத்தியம் பண்ணாத கொறையா, காதுல உழுகலைன்னே சொல்லிட்டு வந்தேன். போன வாரம் அவரே போன் பண்ணினாரு. 'மாப்பிள்ளை, கேக்கலைன்னாக் கேக்கலைதான். ஆனை குறுக்க வந்தா யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. கலாவுக்கு மனசு ஆறிட்டு வருது. அவ கேட்டது அந்த ஒண்ணுதான், நீங்க சொன்னதை நம்பறா. வெள்ளிக்கெழமை வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னாரு. எனக்கு அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூக்கம் வந்துச்சு.

இன்னைக்குப் போனா, வாசக்கதவோரம் அவ பையி தயாரா இருக்குதுங்க. ஜிப்பெல்லாம் போட்டு, மேல ஒரு துண்டு மடிச்சு வெச்சு. அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி வெச்சிருந்தா, எனக்குப் புடிக்குமுன்னு. அவளே பரிமாறினா. 'நெய்யி ஊத்தட்டுங்களா?'ன்னு கேட்டா. தை மாசத்துக்கு அப்புறம் எங்கிட்டப் பேசின மொதப் பேச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு.

சாப்பிட்டு முடிக்கற நேரம் மச்சான் சொன்னாரு: 'நடந்தது நடந்துருச்சு மாப்பிள்ளை. ரெண்டு பேரும் மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.'

ரெண்டு பேரும்னு சொன்னாரு பாருங்க. அப்ப எனக்கும் ஒரு மனசு இருக்குதுன்னு ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சுதேன்னு இருந்துச்சு. நானும் பெரிய மனசாத்தான் பேசினேன். 'எனக்கும் ஒரு வருத்தம் இருந்துச்சு மச்சான், இன்னிவரைக்கும் வெளிய சொல்லலை. ரெண்டு தடவை ஏனுங்கன்னு மரியாதையாக் கூப்பிட்டவ, மூணாவது தடவை காடு பூராக் கேக்கற மாதிரி சென்னியப்பான்னு மொட்டையாக் கத்தினா. கட்டின புருசனை அப்படிக் கூப்பிடலாமா? கேளுங்க உங்க தங்கச்சியை. இருந்தாலும் பரவாயில்லை, நான் அதை மன்னிச்சுட்டேன்'னேன்.

மச்சான் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரு சம்சாரம் அடுப்படிக்குள்ள போயிருச்சு. கலாமணி கரண்டியோட நின்னவ அப்படியே நிக்கறா. தங்கச்சி பண்ணின தப்பு மச்சானுக்கு இப்பத்தான் ஒறைக்குது போலன்னு நான் நெனச்சேன். 'உடு கலா, சின்ன விசயம், கெளம்பு'ன்னேன்.

அவ கரண்டியை வெச்சுட்டுப் போயி, வாசல்ல இருந்த பையை எடுத்தா. கெளம்பறான்னு நானும் எந்திரிச்சேன். பையை எடுத்துட்டு உள் ரூமுக்குப் போயிட்டா. திரும்பி வர்றப்பக் கையில ஒண்ணுமில்லை. மச்சான், 'பஸ்ஸுக்கு நேரமாச்சு மாப்பிள்ளை'ங்கறாரு.

செருப்புப் போடற வரைக்கும் அவ வாசப்படியில நின்னுட்டு இருந்தா. கோவமா இல்லீங்க. அழுகவும் இல்லை. கோவிச்சிருந்தாக்கூட நான் சமாதானம் பண்ணியிருப்பேன். 'பாத்துப் போங்க, சென்னியப்பன்'னா. சத்தமே போடலை. தெரு வழியாப் போறவங்களை வழியனுப்பற மாதிரி அவ்வளவு மரியாதையாச் சொன்னா.

அண்ணன்காரரு பக்கத்துலதான் நின்னாரு, அண்ணா. ஒரு வார்த்தை கண்டிக்கலீங்க. அடுத்த வெள்ளிக்கெழமை வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். வேண்டாம்னும் சொல்லலை, வாங்கன்னும் சொல்லலை.